மற்றப் பக்கத்து ஆள்

கஜானி போட்ட நிபந்தனை ஒன்றுதான். தன்னை யாரும் தூக்கக் கூடாது.

அதை அவள் தானியாவிடம் சொன்னபோது நானும் பக்கத்தில் நின்றேன். படுவான்கரைத் துறையில், கஜானியின் அம்மா மலரக்கா நடத்தும் தேத்தண்ணிக் கடைக்கு முன்னால். தானியா பிள்ளைகளுக்கு நடனம் பழக்குகிறவள். நான் அவளுடைய ஸ்பீக்கரைத் தூக்குகிறவள். விஞ்ஞானப் பட்டம் முடித்து நியமனத்துக்காகக் காத்திருந்தேன். சனிக்கிழமைகளில் வீட்டில் இருந்தால் நியமனம் பற்றி யாராவது கேட்பார்கள். அதனால் இந்த வேலைக்கு வந்தேன்.

தானியா மட்டக்களப்பு நகரத்தில், போர்த்துக்கேயர் வழிவந்த பறங்கியர் வீட்டுப் பெண். அவளுடைய வகுப்புக்குக் கட்டணம் இல்லை. உடுப்புத் தைக்கத் தேவையில்லை. பள்ளிக்கூட விளையாட்டுச் சட்டையோடு வரலாம். அரங்கேற்றம் என்ற பேச்சே கிடையாது. வகுப்பு வாவிக்கு அந்தப் பக்கம், எழுவான்கரையில் ஒரு பொது மண்டபத்தில் நடந்தது. எங்கள் கரைப் பிள்ளைகள் பாதையில் ஏறிப் போவார்கள். வாவியைக் கடக்கும் அந்த இரும்புத் தட்டுப் படகை இங்கே எல்லாரும் பாதை என்றுதான் சொல்வார்கள். ஆட்களும் மோட்டார் சைக்கிளும் சில வேளை உழவு இயந்திரமும் ஏறும். பிள்ளைகளைக் கூட்டிப்போய்த் திரும்பக் கூட்டிவருவதும் என் வேலை.

பாதைக்குக் காத்து நிற்கும் நேரத்தில் பிள்ளைகள் துறையிலேயே போன கிழமை பழகியதை ஆடிப் பார்ப்பார்கள். கஜானி கடை மேசைக்குப் பின்னால் சக்கர நாற்காலியில் இருந்து பார்ப்பாள். பதினான்கு வயது. பிறந்ததிலிருந்தே கால்களுக்குப் பலம் இல்லை. அவர்கள் காலால் செய்வதை அவள் மேசையில் விரல்களால் செய்வாள். பிள்ளைகள் பிழைவிட்ட இடத்தில் அவளுடைய விரல்கள் பிழைவிடவில்லை. பெற்றோரைச் சந்திக்க இக்கரைக்கு வந்த தானியா அன்று அதைப் பார்த்துவிட்டாள்.

நீயும் வா என்று கூப்பிட்டாள்.

"மண்டபத்துக்குப் படி இருக்கா?" என்று கஜானி கேட்டாள்.

தானியா என்னைப் பார்த்தாள். இருந்தது. வெள்ளம் ஏறாமல் உயர்த்திக் கட்டிய மண்டபம். படியும் உயரம்.

"இருக்கு. ஆனா நாங்க எல்லாரும் சேந்து தூக்கி..."

"தூக்கிறெண்டா நான் வரல்ல."

சொல்லிவிட்டு அவள் கண்ணாடிக் கோப்பைகளைத் துடைக்கத் தொடங்கினாள். கோபம் ஒன்றும் இல்லை. விலை சொல்வது போலச் சொன்னாள்.

பிறகு மலரக்கா என்னை அடுப்படிப் பக்கம் கூப்பிட்டுக் காரணத்தைச் சொன்னார். முந்திய வருடம் பள்ளிக்கூடப் பரிசளிப்பு. கணிதத்தில் கஜானிக்குப் பரிசு. மேடைக்கு அவளை நாற்காலியோடு தூக்கினார்கள். தூக்கியவர்கள் நல்லெண்ணத்தோடுதான் தூக்கினார்கள். பாதிப் படியில் ஒரு பையனின் கை வழுக்கி நாற்காலி சரிய, பாவாடை முழங்காலுக்கு மேலே ஏறிவிட்டது. யாரோ சிரித்தார்கள். ஒருவர் சிரித்தால் மண்டபமே சிரிக்குமே. அந்தப் பரிசுப் புத்தகத்தை அவள் இன்னும் விரித்துப் பார்க்கவில்லையாம்.

"வீட்டுக்குள்ள நான் தூக்கிறன். அதுக்கு ஒண்டும் சொல்லமாட்டா," என்றார் மலரக்கா. "வெளியில ஆக்களுக்கு முன்னால கை நீட்டினாலே முகம் மாறிரும்."

அன்று தானியா துறையில் அங்கும் இங்கும் நடந்தாள். சமமான இடம் தேடினாள். கோயில் வீதி முழுக்க மணல். சக்கரம் புதையும். தெருவில் வாகனம். துறையின் சீமெந்து தண்ணீரை நோக்கிச் சரிந்திருந்தது. கடைசியில் அவள் பார்வை கட்டிக் கிடந்த பாதையில் போய் நின்றது.

பாதை ஓட்டுகிறவர் ரதீஸ். சனிக்கிழமைகளில் மத்தியானம் திரும்பியதும் ஆள் குறைவு. பாதையை எங்கள் கரையில் கட்டிவிட்டு மலரக்காவின் கடையில் சோறு தின்று, அங்குள்ள நீள வாங்கில் கொஞ்ச நேரம் படுத்துக் கண்ணயர்வார். அந்த நேரம் பாதை சும்மா கிடக்கும். அகலமான இரும்புத் தட்டு. இரண்டு பக்கமும் கம்பி வேலி. முன் பக்கப் பலகையைச் சங்கிலியில் இறக்கினால் சீமெந்தில் வந்து படியும். உழவு இயந்திரமே ஏறுகிற இடத்தில் ஒரு சக்கர நாற்காலி ஏறாதா?

தானியா கேட்டதும் ரதீஸ் சோற்றுக் கையோடு திரும்பிப் பார்த்தார்.

"பாதை கேட்டு வாற ஆக்கள் மாடு ஏத்தக் கேப்பாங்க, கலியாணச் சாமான் ஏத்தக் கேப்பாங்க. டான்ஸ் ஆடக் கேட்டு ஒருத்தரும் வரல்ல."

மேலிடத்தில் கேட்டுச் சொல்வதாகச் சொன்னார். அடுத்த சனிக்கிழமை சம்மதம் கிடைத்தது. கூடவே அவருடைய கட்டளைகளும். பாதை கட்டியிருக்கும்போது மட்டும்தான். ஓடும்போது ஒரு கால்கூட ஆடக் கூடாது. எல்லாரும் செம்மஞ்சள் மிதவைச் சட்டை போட வேண்டும். அவர் இறங்கு என்றால் ஏன் என்று கேட்காமல் இறங்க வேண்டும்.

இப்படி வகுப்பு கரை மாறியது. இப்போது எழுவான்கரைப் பிள்ளைகள் இங்கே வந்தார்கள்.

முதல் நாள் கஜானி பலகை வழியே தானாக ஏறினாள். சரிவில் நாற்காலி பின்னால் உருளப் பார்த்தது. மலரக்காவின் கை முன்னே வந்தது. கஜானி திரும்பிப் பார்க்க, கை நின்றது. அவள் மூச்சை இழுத்து இன்னொரு தள்ளுத் தள்ளி ஏறிவிட்டாள்.

பிறகு நாங்கள் செய்தது பெரிய பிழை. புதிதாக வந்தவளைச் சுற்றி எல்லாரும் நின்றால் அவளுக்குக் கூச்சம் போய்விடும் என்று தானியா நினைத்தாள். கஜானி தட்டின் ஒரு ஓரமாக, கம்பி வேலிக்குப் பக்கத்தில் இருந்தாள். எல்லாரும் அவளிடம் வாருங்கள் என்று தானியா கூப்பிட, பிள்ளைகள் அத்தனை பேரும் ஒரே ஓட்டமாக அந்தப் பக்கம் ஓடினார்கள். தட்டு சரிந்தது. தண்ணீர் விளிம்பில் ஏறி எங்கள் செருப்பை நனைத்தது. எதிர்ப் பக்கத்தில் வைத்திருந்த என் ஸ்பீக்கர் உருண்டு எங்களிடமே வந்து சேர்ந்தது.

ரதீஸ் வாங்கிலிருந்து எழுந்து வந்த வேகத்தில் அவிழப் பார்த்த சாரத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டிருந்தார்.

"பாதி ஆக்கள் அங்கால போங்க! மெல்ல. ஓடாம."

பாதை நிமிர்ந்தது. கஜானி இரண்டு சக்கரங்களையும் இறுக்கிப் பிடித்திருந்தாள். இத்தோடு முடிந்தது, இறங்கச் சொல்லப் போகிறார் என்று நான் நினைத்தேன்.

"ஒரு பக்கத்துக்கு ஒரு ஆள் போனா, மற்றப் பக்கத்துக்கும் ஒரு ஆள் போகணும்," என்றார் ரதீஸ். "பாதையில அதுதான் சட்டம். ஆடுறெண்டா அப்பிடி ஆடுங்க. ஏலாதெண்டா இறங்குங்க."

தானியா சிரித்தாள். அவர்கள் வீட்டுக் கலியாணங்களில் ஆட்டம் அப்படித்தானாம். சோடி சோடியாக எதிரெதிரே நிற்பார்கள். இங்கிருந்து ஒருவர் வந்தால் அங்கிருந்து ஒருவர் வருவார். நடுவில் சந்தித்து, ஒருவரை ஒருவர் சுற்றி, அவரவர் இடத்துக்குத் திரும்புவார்கள். கையடக்கத் தொலைபேசியில் வயலினும் றபான் மேளமும் சேர்ந்த ஒரு பாட்டு வைத்திருந்தாள். வீட்டு விசேஷம் ஒன்றில் பதிந்தது. நடுவில் யாரோ இருமுவதும் கேட்கும்.

எல்லாருக்கும் சோடி கிடைத்தது. கஜானிக்குத்தான் சிக்கல். அவளும் நாற்காலியும் சேர்ந்து பாரம். எதிரே தனுஷியாவை நிறுத்தினோம். வகுப்பிலேயே சின்னவள், வாய் மட்டும் பெரிது. பாதை கஜானி பக்கம் சாய்ந்தது.

"நான் போதாது மிஸ்," என்றாள் தனுஷியா. "காஸ் சிலிண்டரைக் கூப்பிடுங்க."

பிள்ளைகள் சிரித்தார்கள். அவள் சொன்னது நிதுர்ஷனை. பதினைந்து வயது, உயரமும் பருமனும். உடம்பு குறையட்டும் என்று தாய் அனுப்பியிருந்தார். மண்டபத்தில் எப்போதும் கடைசி வரிசையில், சுவரோடு நிற்பான். சோடி பிரிக்கும்போது தண்ணீர் குடிக்கப் போய்விடுவான். அவன் திரும்பி வரும்போது சோடிகள் பிரிந்து முடிந்திருக்கும். ஒரு நாள்கூட அவன் அதைப் பற்றிக் குறை சொன்னதில்லை.

இந்தத் தடவை தண்ணீர் குடிக்கப் போக வழியில்லை. சுற்றிவர வாவி. அவன் வந்து கஜானிக்கு எதிரே நின்றான். இப்போது பாதை அவன் பக்கம் சற்றுச் சாய்ந்தது. நடுவை நோக்கிக் கொஞ்சம் வரச் சொன்னேன். பாரமானவர் நடுவுக்கு நெருங்கினால் சீசோ சமப்படும். பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். ரதீஸ் குனிந்து இரண்டு விளிம்பிலும் தண்ணீர் எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று பார்த்துச் சொல்ல, நான் சோக்கால் இரும்பில் குறி போட்டேன். கஜானிக்கு ஒரு குறி. நிதுர்ஷனுக்கு ஒரு குறி.

"ஆ, இப்ப சரி," என்றார் ரதீஸ். "தம்பி, நீ என்ட ரெண்டாவது நங்கூரம்."

நிதுர்ஷன் தன் காலடியில் இருந்த குறியைப் பார்த்தான். சிரிப்பு வந்தது. அவன் அதை அடக்கவில்லை.

அன்றிலிருந்து ஆட்டம் அந்தச் சட்டத்தில் வளர்ந்தது. யார் நகர்ந்தாலும் எதிரே ஒருவர் நகர வேண்டும். சுற்றும் இடம் வந்தால் பிள்ளைகள் "கிறுகு" என்று கத்துவார்கள். எங்கள் பக்கத்தில் திரும்புவதை அப்படித்தான் சொல்வோம். தானியா வேறு சொல் வைத்திருந்தாள். சில கிழமைகள் போனதும் அவளும் கிறுகு என்றே கத்தினாள்.

எனக்கு முதலில் விளங்காத ஒன்று இருந்தது. பிள்ளைகள் எதிரே பார்ப்பதை நிறுத்திவிட்டார்கள். ஆனால் பிந்தவில்லை. பிறகு நானும் செருப்பைக் கழற்றி நின்று பார்த்தேன். எதிரே இருப்பவர் கால் எடுத்தால் தட்டு மிக மெல்ல அசையும். உள்ளங்காலுக்குத் தெரியும். எல்லாவற்றுக்கும் தொடக்கம் கஜானிதான். அவளுடைய சக்கரம் இரண்டு தகடுகள் பொருந்தும் இடத்தைக் கடக்கும்போது டக் என்று ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தத்தில் நிதுர்ஷன் புறப்படுவான். அவனுடைய பாரத்தில் மற்றவர்கள் புறப்படுவார்கள்.

"சிலிண்டர், நீ பிந்துறாய்," என்பாள் கஜானி.

"நீதான் முந்துறாய். உனக்குச் சக்கரம் இருக்கு. எனக்குக் கால்தானே."

அவளிடம் யாரும் இப்படிப் பேசி நான் கேட்டதில்லை. அவளும் கேட்டிருக்க மாட்டாள். முகம் ஒரு நொடி நின்றது. பிறகு அவள் சிரித்த சிரிப்பில் வாங்கில் படுத்திருந்த ரதீஸ் எழும்பிவிட்டார்.

அவளுடைய உள்ளங்கைகள் முதலில் கொப்பளித்தன. பிறகு காய்த்தன. தோள் திரண்டது. ஒரு நாள் ஓட்டோ ஒன்று கடைக்கு முன்னால் நிற்க, கஜானி நாற்காலியை அதன் பக்கத்தில் அணைத்து நிறுத்தி, கம்பியைப் பிடித்து, தன்னைத்தானே இருக்கைக்கு மாற்றிக்கொண்டாள். சோதித்துப் பார்த்தாளாம். பிறகு அதேபோலத் திரும்பி வந்தாள். மலரக்கா கொதிக்கும் கேத்தலைப் பிடித்தபடி நின்றார். ஓட்டோக்காரருக்குக் காசு வாங்காமல் தேத்தண்ணி கொடுத்தார்.

சிறுவர் தினத்துக்கு எழுவான்கரைப் பெரியகல்லாற்றில் கலைவிழா என்று அழைப்பு வந்தது. எங்கள் ஆட்டத்துக்கும் இடம் தந்தார்கள். கஜானி கேட்ட முதல் கேள்வி பழைய கேள்விதான். தானியா விழாச் செயலாளரிடம் தொலைபேசியில் பேசினாள். மேடைக்குச் சாய்தளம் வேண்டும் என்றாள். செய்து தருவோம் என்றார். மறுபடியும் பேசினாள். தச்சரிடம் சொல்லியாயிற்று என்றார்.

விழா நாள் பிள்ளைகளை வான் வண்டியில் ஏற்றினோம். கஜானி தாயோடு ஓட்டோவில் வந்தாள். மஞ்சள் நூல்சேலையில் தைத்த பாவாடை, அது சக்கரத்தில் சிக்காதபடி மலரக்கா ஓரத்தில் பட்டி வைத்திருந்தார். நிதுர்ஷன் வெள்ளைச் சட்டையில், தலைக்கு எண்ணெய் வைத்து, அடையாளம் தெரியாமல் நின்றான்.

மேடையில் சாய்தளம் இல்லை.

தச்சரின் வீட்டில் ஒரு சாவு. செயலாளர் முதல் நாள்தான் அறிந்தாராம். வேறு ஆள் தேட நேரமில்லை. நல்ல மனிதர், வியர்த்துப்போய் நின்றார். ஆனால் வழி செய்து வைத்திருந்தார். விளையாட்டுக் கழகத்து இளைஞர்கள் நால்வர் கையைத் துடைத்துக்கொண்டு தயாராக நின்றார்கள்.

"நாலு பேர் தூக்கினா ஒரு செக்கன்ல மேல போயிரலாம். மகாராணி மாதிரி," என்றார்.

கஜானி மேடையைப் பார்த்தாள். மரப்படி. முன்னால் கதிரைகளில் ஏற்கெனவே சனம். மேடைக்குக் கீழே ஆடலாமா என்று தானியா காலால் தட்டிப் பார்த்தாள். கடற்கரை மணல். நாற்காலி ஏற்கெனவே பாதிச் சக்கரம் புதைந்துதான் நின்றது.

"ஒரு நாளைக்குத்தானே புள்ள," என்று மலரக்கா அவள் காதருகே குனிந்து சொன்னார். "இவ்வளவு நாளா பழகினயே. தூக்கட்டுமே."

"வேணாம்மா."

"நான் பாவாடையைப் பிடிச்சுக்கொண்டு வாறன்."

கஜானி தாயை அண்ணாந்து பார்த்தாள். மலரக்கா நிமிர்ந்துவிட்டார்.

"நீங்க ஆடுங்க மிஸ்," என்று அவள் தானியாவிடம் சொன்னாள். "நான் இஞ்ச இருந்து பாக்கிறன். உண்மையா. எனக்குக் கோவம் இல்ல."

தானியா என்ன செய்வாள்? மற்றப் பிள்ளைகளும் மாதக்கணக்காகப் பழகியவர்கள். வட்டையில் வயல் வேலையை விட்டுவிட்டு வந்த தகப்பன்மார் இரண்டாம் வரிசையில் இருந்தார்கள். மேலே போய் ஒரு தடவை ஆடிப் பாருங்கள் என்றாள். நிகழ்ச்சி தொடங்க நேரம் இருந்தது. திரை மூடியிருந்தது. பிள்ளைகள் ஏறினார்கள். நான் ஸ்பீக்கரோடு ஏறினேன்.

பாட்டு தொடங்கியது. யாரும் புறப்படவில்லை.

நிதுர்ஷன் தன் இடத்தில் நின்றான். எதிரே வெறும் மேடை. அவன் எதற்கோ காதைக் கொடுத்து நின்றதுபோல் இருந்தது. தனுஷியா தானாகக் கால் எடுத்தாள், அவளுடைய சோடி பிந்தினான், இருவரும் நடுவில் மோதினார்கள். மறுபடி தொடங்கினோம். மறுபடியும் அப்படித்தான். கல் வைத்துக் கட்டிய மேடை அது. காலுக்குக் கீழே ஒரு செய்தியும் வரவில்லை.

"இது அசையவே இல்ல மிஸ்," என்றாள் தனுஷியா. அழுகை வந்துவிட்டது. மோதிய தோளைத் தடவினாள்.

தானியா கைதட்டித் தாளம் சொன்னாள். தாளத்துக்கு ஆடினால் போதும் என்றாள். நானும் சேர்ந்து தட்டினேன். சமாளித்திருக்கலாம். இன்னும் இரண்டு மூன்று தடவை ஆடியிருந்தால் பிள்ளைகள் சமாளித்திருப்பார்கள் என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். ஆனால் நிதுர்ஷன் மேடையின் ஓரத்துக்கு வந்து நின்றான்.

"கஜானி இல்லாம நான் ஆருக்கு நேர நிக்கிற?" என்று கேட்டான்.

அவன் சண்டைக்கு நிற்கவில்லை. உண்மையாகவே கேட்டான். தானியா மற்றவர்களைப் பார்த்து, நீங்கள் சொல்லுங்கள் என்றாள். பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். தனுஷியா மூக்கைத் துடைத்துக்கொண்டு முதலில் படியில் இறங்கினாள்.

எங்கள் ஆட்டம் நடக்கவில்லை. செயலாளர் மணலில் கஜானிக்கு முன்னால் குந்தி இருந்து மன்னிப்புக் கேட்டார். அடுத்த வருடம் தானே வந்து பலகை அடிப்பதாகச் சொன்னார். அவள் தலையாட்டினாள். வரும்போது ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பொதி தந்தார்கள். ஒரு றோல்ஸ், ஒரு கேக் துண்டு, ஒரு மாம்பழச் சாறு.

"ஆடாமலே சாப்பாடு தந்த முதல் விழா," என்றான் வான் வண்டியில் ஏறும்போது ஒருவன். கொஞ்சம் சிரிப்பு வந்தது. தகப்பன்மார் சிரிக்கவில்லை.

திரும்பும்போது நான் ஓட்டோவில் கஜானிக்குப் பக்கத்தில் இருந்தேன். அவள் பொதியைத் திறக்கவில்லை.

"என்னாலதானேக்கா," என்றாள்.

இல்லை என்று சொல்ல வாய் எடுத்தேன். அது முழு உண்மையாக இருக்காது. ஆம் என்றால் அதைவிடப் பொய். அவளுடைய மாம்பழச் சாற்றில் குழாயைக் குத்திக் கையில் கொடுத்தேன். குடித்தாள்.

எழுவான்கரைத் துறைக்கு வந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. பாதையில் வழக்கமான பின்னேரக் கூட்டம். மோட்டார் சைக்கிள்கள், மரக்கறிச் சாக்குகள், வேலை விட்டு வரும் ஆட்கள். அந்தக் கரைப் பிள்ளைகள் வீட்டுக்குப் போகலாம். போகவில்லை. கூடவே ஏறினார்கள். ஏன் என்று நான் கேட்கவில்லை. அடுத்த ஓட்டத்தில் திரும்பலாம் என்று ஒரு தாய் மட்டும் சொன்னார்.

ரதீஸ் அவர்களுடைய முகங்களைப் பார்த்தார். பூசிய பவுடர் அப்படியே இருந்தது.

"என்ன, ஒருத்தருக்கும் வேர்க்கல்லயா?"

தனுஷியா எல்லாவற்றையும் சொன்னாள். படி, மணல், நாலு பேர், மோதிய தோள், றோல்ஸ். பயணிகளும் கேட்டுக்கொண்டு வந்தார்கள். கஜானி தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பாதை நடு வாவிக்கு வந்திருந்தது.

"இஞ்ச ஆடினா என்ன?" என்று நிதுர்ஷன் கேட்டான்.

"ஓடக்குள்ள ஆட விடமாட்டன்," என்றார் ரதீஸ்.

படுவான்கரையில் பாதையை அணைத்து, முன்னும் பின்னும் கயிறு கட்டினார். வழக்கத்தைவிட ஒரு சுற்று அதிகமாகச் சுற்றியதுபோல் தெரிந்தது. பலகையை இறக்கினார்.

"ஆக்கள் இறங்குங்க. சைக்கிளையும் இறக்குங்க. புள்ளைகள் சட்டையைப் போட்டுக்கொண்டு நில்லுங்க."

ஆட்கள் இறங்கினார்கள். இறங்கியவர்கள் வீட்டுக்குப் போகவில்லை. துறையின் சரிவில் மோட்டார் சைக்கிள்களை நிறுத்திவிட்டு நின்றார்கள். அக்கரைக்குப் போகக் காத்திருந்தவர்களும் நின்றார்கள். விழா உடுப்புக்கு மேலே செம்மஞ்சள் மிதவைச் சட்டை. என் சோக்குக் குறிகள் அழிந்து போயிருந்தன. யாரும் தேடவில்லை. கஜானி தன் இடத்துக்கு உருட்டிப் போனாள். நிதுர்ஷன் எதிரே போனான். பாதை ஒரு தடவை மெல்ல ஆடி நின்றது.

நான் பாட்டைப் போட்டேன். வயலின், இருமல், றபான்.

டக்.

நிதுர்ஷன் புறப்பட்டான். அவன் பின்னால் எல்லாரும் புறப்பட்டார்கள். நடுவில் கஜானியும் அவனும் சந்தித்தார்கள். அவள் ஒரு சக்கரத்தைப் பிடித்து மற்றதைத் தள்ளினாள். நாற்காலி ஒரு வீச்சில் திரும்ப, மஞ்சள் பாவாடையின் ஓரம் பட்டிக்குள் அடங்கி நின்றது. "கிறுகு!" என்று பிள்ளைகள் கத்தினார்கள். இரண்டாம் தடவை துறையில் நின்ற சனமும் சேர்ந்து கத்தியது. வட்டையிலிருந்து வந்த தகப்பன் ஒருவர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு கரையில் நின்றபடியே ஒரு கால் எடுத்து வைத்தார். பிறகு வெட்கப்பட்டு நிறுத்திவிட்டார்.

மலரக்கா கடையைத் திறக்கவில்லை. பலகைக்குப் பக்கத்தில் நின்றார். நான் அவருடைய கைகளைப் பார்த்தேன். இரண்டையும் சேலைத் தலைப்பில் சுற்றி வைத்திருந்தார்.

பாட்டு முடிந்தது. சனம் கைதட்டியது. அக்கரைக்கு நேரமாகிறது என்று யாரோ கூப்பிட்டார்கள். பிள்ளைகள் வேர்த்துப்போய், சிரித்துக்கொண்டு, சோடி சோடியாக நடுவுக்கு வந்து இறங்கினார்கள். கடைசியில் கஜானி ஒரு விளிம்பிலும் நிதுர்ஷன் மறு விளிம்பிலும் மிச்சமாக நின்றார்கள். அவள் பாவாடையைச் சரி செய்துகொண்டிருந்தாள்.

"சிலிண்டர், இறங்கு," என்று தனுஷியா கரையிலிருந்து கூப்பிட்டாள். "உன்ட றோல்ஸைத் தின்னப்போறன்."

"தின். அவ இறங்கட்டும்," என்றான் நிதுர்ஷன். "நான் இப்ப போனா அவட பக்கம் தாழும்."

கஜானி அதைக் கேட்டாள். சக்கரத்தில் கை வைத்து நடுவை நோக்கி உருட்டினாள். அவள் ஒரு தள்ளுத் தள்ள, அவன் ஓரடி வைத்தான். அவள் நின்றபோது அவனும் நின்றான். நடுவுக்கு வந்ததும் அவள் பலகையை நோக்கித் திரும்பி, தலையைக் குனிந்து, காய்த்த கைகளால் சக்கரத்தைப் பிடித்துப் பிடித்து விட்டு இறங்கினாள். மலரக்கா வழியை விட்டு ஒதுங்கி நின்றார்.

முன் சக்கரங்கள் சீமெந்தைத் தொட்டன. பிறகு பின் சக்கரங்கள். அதன் பிறகுதான் நிதுர்ஷன் பலகையில் கால் வைத்தான்.